தூங்குகிறவரைப் படமெடுக்காதீர்கள்

மாதனூர் கூட்ரோட்டில் நின்று வீடில்லாதவரைத் தேடினால் சட்டென்று யாரும் கண்ணில் படமாட்டார்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் குடும்பம் குடும்பமாக நடைபாதையில் படுத்திருப்பதைப் பார்த்துப் பழகியவர் இங்கே வந்தால், இந்த ஊரில் அந்தப் பிரச்சினை இல்லை போலிருக்கிறது என்று அடுத்த பஸ் ஏறிவிடுவார். ஒரு பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் பாலாறு, நடுவில் கடைகள். நடைபாதை என்று ஒன்று இருந்தால்தானே அதில் படுக்க முடியும்? அதனால் இங்கே வீடில்லாதவர்கள் வேறு இடங்களில் ஒதுங்கியிருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் ஷாப்பின் (தோல் பதனிடும் ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) திண்ணை, பாலத்தடி, ஆம்பூர் ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சு, கோயில் மண்டபம், தர்கா வாசல், ஏரிக்கரையில் தார்ப்பாய் கட்டிய குடிசை என்று போய்த் தேட வேண்டும்.

கேமராவை எடுப்பதற்கு முன்னால் யாரைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28-ஆம் தேதி இரவை ஒதுக்கினார்கள். சாலையோரம், பெரிய குழாய், மேம்பாலத்தடி, மாடிப்படி, மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று, கூரையுள்ள கட்டடத்தில் வசிக்காதவர்கள் அன்று எண்ணப்பட்டார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். இந்த வரையறைப்படி பார்த்தால், வேலை செய்யும் தோல் ஷாப்புக்குள்ளேயே படுத்துக்கொள்ளும் தொழிலாளி வீடற்றவர் கணக்கில் வரமாட்டார். அவர் தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறதே! 2015 ஜனவரி 31-ஆம் தேதி பொழுது விடியும் முன் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சகதித் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்த இடத்தைத் தவிர அந்த ஊரில் அவர்களுக்குப் படுக்க இடம் இருந்ததில்லை. அவர்கள் உயிரோடு இருந்தபோது யாராவது அவர்களைப் படம் எடுத்திருப்பார்களா? செத்த மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது.

ஆகவே இந்தப் பகுதியில் உங்கள் தேடலைக் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டா இல்லாத ஏரிப் புறம்போக்கில், எப்போது வேண்டுமானாலும் கிளப்பிவிடப்படலாம் என்ற நிலையில் இருக்கும் இருளர் குடும்பங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது குடிசையை இழந்து பள்ளிக்கூடங்களில் தங்கியவர்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து, லாட்ஜுக்குக் கொடுக்கக் காசில்லாமல் போனவர்கள். மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடுவே பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்ட பெரியவர்கள். நெடுஞ்சாலையில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்துகொண்டே இருப்பவர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வீடில்லாமல் போன காரணம் வேறு. ஒரே மாதிரிப் படம் எடுத்தால் அந்த வேறுபாடு போய்விடும். 'பாவம்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

சென்னை போன்ற பெருநகரத்தில் படம் எடுப்பவருக்கு இல்லாத ஒரு சிக்கல் உங்களுக்கு உண்டு. மாதனூர் சிறிய ஊர். நீங்கள் எடுக்கும் பெரியவரின் மருமகள் இதே ஊரில், ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் தினமும் போய் வந்துகொண்டிருப்பார். உங்கள் படம் வாட்ஸ்அப்பில் ஏறினால் அன்று சாயங்காலமே அவர் கைக்குப் போய்விடும். சென்னையில் எடுத்த படத்தில் இருப்பவர் யாரோ ஒருவர். இங்கே அவர் இன்னார் மாமனார். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து பிறந்தவைதான். படத்தில் இருப்பவரும் அவருடைய சொந்தபந்தமும் உங்கள் படத்துக்கு முன்னால் நிற்பார்கள் என்று வைத்துக்கொண்டு எடுங்கள். அவர்கள் முகம் சுளிக்காத படம்தான் மற்றவர்கள் மனத்திலும் தைக்கும்.

முதலில் பழைய படங்கள் சில

நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படம் எடுத்தார். அக்காலத்துக் கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்த அந்தப் படங்களை வரலாற்றுப் புத்தகங்களில் இன்றும் பார்க்கிறோம். படத்தில் இருக்கும் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன தொழில் செய்தார், கூட இருக்கும் குழந்தை யாருடையது, எதுவும் தெரியாது. எடுத்து முடித்ததும் அவர்களுக்கு ஒருவேளைக் கஞ்சியாவது கொடுத்தாரா என்று அந்தக் காலத்திலேயே கேள்வி எழுந்தது, கேலியும் செய்தார்கள். பஞ்சம் எவ்வளவு கொடியது என்று உலகத்துக்குக் காட்டிய படங்கள் அவை என்பதையும் மறுக்க முடியாது. காட்ட வேண்டிய கொடுமையைக் காட்டிவிட்டு, மனிதர்களை மட்டும் காட்டாமல் விட்ட படங்கள் என்று சொல்வேன்.

இன்னொன்று அமெரிக்காவில் 1936-இல் டோரதியா லேஞ்ச் எடுத்தது. கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்து, பயிர் கருகியதால் வேலையில்லாமல் கூடாரத்தில் தவித்த தாயின் படம். பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பியது. அது போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். லேஞ்ச் அவர் பெயரைக் கேட்கவே இல்லை. 1978-இல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனக்குறையோடுதான் பேசினார். படம் ஊரை உலுக்கியது, உதவியும் வந்தது, ஆனால் உரியவருக்குக் கிடைக்கவில்லை. பெயரும் இருப்பிடமும் கேட்டு வைத்துக்கொள்ளும் சின்ன வேலை இது. அதைச் செய்யாததால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேவையில்லை.

கேமரா இல்லாமல் போகும் நாட்கள்

முதல் சில நாட்கள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போனைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே எடுக்காதீர்கள். ஒரே நேரத்துக்கு, ஒரே இடத்துக்குப் போய் டீ குடியுங்கள். பேச்சு தானாக வரும். இந்தப் பக்கத்தில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் புழங்குகிற வீடுகள் உண்டு. வடக்கிலிருந்து வந்த தொழிலாளியிடம் இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போக வேண்டும். வயதான அம்மாவை 'ஆயா' என்றும், ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் பெரியவரை 'பாய்' என்றும் நீங்கள் வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். 'நீங்க', 'வாங்க' கட்டாயம். வீட்டிலிருப்பவரை மரியாதையாகவும் தெருவிலிருப்பவரை 'நீ', 'வா' என்றும் பேசும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. படத்தில் கண்மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், பேச்சில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பெண்களைச் சந்திக்கப் போகும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும். தெருவில் இருக்கும் பெண்கள் பலர் இரவில் கண் அயர்வதில்லை, பகலில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கொஞ்சம் தூங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் போய் எழுப்பிப் பேசுவது அவர்களுடைய ஒரே தூக்கத்தையும் கெடுப்பதாகும்.

தூக்கம் என்றதும் தலைப்புக்கு வருகிறேன். வீடில்லாதவர் என்றதும் புதிதாகக் கேமரா வாங்கியவர் முதலில் எடுப்பது, தெருவோரம் சுருண்டு தூங்கும் ஒருவரை. கலர் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, 'தெரு வாழ்க்கை' பிரிவில் போட்டிக்கு அனுப்புவார். இந்தப் படத்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுந்து எதிர்த்துக் கேட்க முடியாத நிலையில் இருப்பவரை எடுப்பது அது. நாம் படுத்திருக்கும் அறைக்குள் யாராவது வந்து படம் எடுத்தால் என்ன செய்வோம்? கதவு இருப்பவருக்குக் கதவு காவல். இல்லாதவருக்கு நம் மரியாதைதான் காவல். லீ ஜெஃப்ரிஸ் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 2008-இல் லண்டன் தெருவில், உறங்கும் பைக்குள் இருந்த ஒரு பெண்ணைத் தூரத்திலிருந்து எடுத்தார். அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். ஜெஃப்ரிஸ் நழுவிப் போகாமல் தெருவைக் கடந்து போய் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசினார். அதற்குப் பிறகு அவர் எடுத்த நெருங்கிய முகப்படங்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அந்தப் படங்களிலும் சுருக்கங்களையும் அழுக்கையும் இருட்டாக்கிக் கூட்டிக் காட்டியிருக்கிறார் என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் எல்லோரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள்.

கேட்பது எப்படி

'ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். டீ வாங்கிக் கொடுத்தவரிடம் மாட்டேன் என்று சொல்ல மனம் வராது. அது சம்மதம் ஆகாது. படம் எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"ஆயா, நான் இந்த ஊருதான், கூட்ரோட்டாண்ட வூடு. உங்களப் படம் எடுத்து உங்களுக்கு ஒண்ணு கொடுக்கணும். நீங்க சரின்னு சொன்னா அதயே டீக்கடை செவுத்துல மாட்டுவோம், ஊர்ல நாலு பேர் பார்ப்பாங்க. பேப்பர்லயோ போன்லயோ போடுறதுக்கு மறுபடியும் வந்து கேக்கறேன். வேணாம்னா வேணாம், நாளைக்கும் வந்து பேசத்தான் போறேன்."

கையில் தருவது, சுவரில் மாட்டுவது, போனில் பரப்புவது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்குச் சம்மதித்து மூன்றாவதற்கு மறுப்பவர்கள் உண்டு. ஊர் பார்க்கலாம், சொந்த ஊரை விட்டு வரக் காரணமானவர் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் கவலையாக இருக்கலாம். காரணத்தைத் துருவாதீர்கள்.

தொண்டு நிறுவனங்கள் அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்தப் பகுதியில் அது எல்லோரிடமும் செல்லாது. வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையான குடும்பங்கள் இருளர்களிடையே உண்டு. 1976-லேயே கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது, தாளைக் கண்டால் வரும் பயம் போகவில்லை. அவர்களிடம் தாளை நீட்டாமல், நீங்கள் சொன்னதையும் அவர்கள் சொன்ன பதிலையும் போனில் குரலாகப் பதிவு செய்து வையுங்கள். பிறகு மனம் மாறினால் உங்களைத் தேடிப் பிடிக்க வழி வேண்டும், உங்கள் எண்ணையும் பெயரையும் டீக்கடையில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

மனநலம் குன்றிச் சாலையில் நடந்துகொண்டே இருப்பவரிடம் சம்மதம் வாங்க முடியாது. ஆகவே படமும் இல்லை. இதில் விதிவிலக்கு கிடையாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தருவதைத் தடுக்கிறது. தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையை அதே சட்டத்தின் 100-ஆம் பிரிவு காவல் துறைக்குத் தந்திருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றவர் சம்மதித்தார் என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். குழந்தையின் படத்தை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள், வெளியே எங்கும் போடாதீர்கள்.

எடுக்கும்போது

நல்ல கேமரா வேண்டாம், போன் போதும். பெரிய கேமராவைக் கண்டால் 'டிவிக்காரர்' என்று கூட்டம் கூடிவிடும், நீங்கள் எடுக்க வந்தவர் கூட்டத்தின் நடுவே காட்சிப்பொருள் ஆகிவிடுவார். அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு கீழே பார்த்து எடுக்கும் படத்தில் பார்க்கிறவரும் கீழ்நோக்கித்தான் பார்ப்பார். அகலக் கோணத்தைத் தவிர்த்து சாதாரண லென்ஸிலேயே எடுங்கள், அகலக் கோணம் அருகிலிருக்கும் முகத்தைக் கோணலாக்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியும் வேண்டாம். மூட்டை, தண்ணீர் கேன், ஆணியில் தொங்கும் சட்டை, அடுப்புக் கல் எல்லாம் அவர் குடித்தனம். அதை மங்கலாக்கினால் அவருக்கு ஒன்றுமே இல்லை என்று நீங்களே முடிவு செய்ததாகிவிடும். ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் 1880-களில் இருட்டு அறைகளுக்குள் புகுந்து மருந்துப்பொடியைக் கொளுத்தி வெளிச்சம் போட்டு எடுத்தார். அந்த முகங்களில் தெரியும் திகைப்பில் பாதி வறுமையால் வந்தது, பாதி அவர் கொளுத்திய வெடியால் வந்தது.

பாலாற்று மணல் பக்கம் பகல் 11 மணிக்கு மேல் போகாதீர்கள். தரையிலிருந்து எழும் கண் கூசும் வெளிச்சத்தில் எல்லோருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டு சோகமாகத் தெரிவார்கள். காலை 7 மணி ஒளி நல்லது. அந்த நேரத்தில்தான் அவர்கள் வேலையிலும் இருப்பார்கள்: பல் துலக்குவது, தலை வாருவது, அடுப்பு மூட்டுவது, துணி உலர்த்துவது. வீடில்லாதவரின் நாளில் பெரும்பகுதி இப்படியான குடித்தன வேலைதான். அதைப் படம் எடுத்தால், பார்க்கிறவர் தன் வீட்டுக் காலையை அதில் அடையாளம் காண்பார். கண்ணீர்ப் படத்தில் அது நடக்காது. கைகளை மட்டும் நெருக்கமாக எடுக்கும் வழக்கத்தையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். சுண்ணாம்பிலும் குரோமிலும் ஊறி வெடித்த தோல் தொழிலாளியின் கை படமாக்க எளிது, எல்லோரும் எடுத்துவிட்டார்கள். கைக்கு மேலே ஒரு முகம் இருக்கிறது.

எடுக்கக் கூடாத இன்னும் இரண்டு வகை உண்டு. முதலாவது பொட்டலப் படம். கொடுப்பவர் சிரித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார், வாங்குபவர் பொட்டலத்தைப் பார்ப்பார், நடுவில் இரண்டு கைகள். பிறந்தநாள், நினைவு நாள், கட்சித் தலைவர் நாள் என்று இது நம் ஊரில் வாராவாரம் நடக்கிறது. சோறு கொடுங்கள், நல்ல காரியம். கேமராவை மறந்துவிட்டுப் போய்க் கொடுங்கள்.

இரண்டாவது இப்போது எல்லோரும் விரும்பிப் பார்ப்பது. தாடியும் சடையுமாக இருக்கும் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, முடி வெட்டி, குளிப்பாட்டி, புதுச் சட்டை மாட்டி, முன்பு இப்படி இப்போது இப்படி என்று பாட்டுப் போட்டு வீடியோவாக விடுவது. செய்கிறவர்களில் பலர் நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் பொது இடத்தில், பலர் பார்க்க, ஒரு வளர்ந்த மனிதரின் மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க நமக்கு எப்படி மனம் வருகிறது? அவர் மனநலம் குன்றியவராக இருந்தால், முடி போனதும் நோய் போய்விட்டது போன்ற எண்ணத்தை அந்த வீடியோ தருகிறது. மறுநாள் அவர் அதே பாலத்தடியில்தான் இருப்பார். சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தெருவில் விடப்பட்ட மனநோயுள்ள பெண்களுக்காகத் தொடங்கிய பானியன் அமைப்பு, முதலில் சிகிச்சை, பிறகு ஊரும் உறவும் தேடிக் கண்டுபிடித்தல், பிறகு தொடர்ந்த கவனிப்பு என்று ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலையை ஒன்றரை நிமிட வீடியோவில் காட்ட முடியாது. காட்ட முடியாததைக் காட்டியதாக நம்ப வைப்பதுதான் அந்த வீடியோக்களின் கோளாறு.

கேமராவை அவர் கையில் கொடுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 1989-இல் வாஷிங்டனில் ஜிம் ஹப்பார்ட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், வீடற்றோர் விடுதியிலிருந்த குழந்தைகளிடம் கேமராக்களைக் கொடுத்துத் தனி அமைப்பாகவே நடத்தினார். அதுவரை அவர்தான் அவர்களை எடுத்துக்கொண்டிருந்தார். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்து, படத்தை வைத்து ஊர்ப் பிரச்சினையைப் பேச வைக்கும் முறையைக் கரோலின் வாங் 1990-களில் உருவாக்கினார். அதே முறையில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வீடற்றோர் விடுதியில் இருந்தவர்களையும் எடுக்க வைத்தார். அவர்களே எடுத்து, அவர்களே எழுதி, நகரத்தின் பெரிய திரையரங்கில் காட்சிக்கு வைத்தார்கள்.

நம்மிடையே பழனிகுமார் இருக்கிறார். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற தாயின் மகன். மனிதர்கள் கையால் மலம் அள்ளுவதைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், ஊரக இந்தியாவின் மக்கள் காப்பகமான பாரியில் புகைப்படக்காரராகப் பணியாற்றியவர், 2022-இல் தயானிதா சிங் – பாரி விருது பெற்றவர். அவருடைய படங்களுக்கு இணையாக நான் மதிப்பது, தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் நடத்தும் புகைப்பட வகுப்புகளை. தன் தாய் விடியலுக்கு முன் எழுந்து போவதை ஒரு பிள்ளை எடுக்கும் படம், வெளியிலிருந்து போகும் நம்மால் எடுக்க முடியாத படம். நமக்கு அந்த நேரத்தில் அந்த வாசலில் நிற்க உரிமை கிடையாது.

மாதனூரில் இதை எப்படிச் செய்வது? உங்கள் வீட்டு அலமாரியில் பழைய போன் ஒன்று கட்டாயம் கிடக்கும். சிம்மை எடுத்துவிட்டு, பூட்டை நீக்கி, கேமராவை மட்டும் முகப்பில் வைத்துக் கொடுங்கள். சார்ஜ் போட டீக்கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள், இது இல்லாமல் திட்டம் இரண்டாம் நாளே நின்றுவிடும். 'வீடில்லாம இருக்கற கஷ்டத்த எடுங்க' என்று சொல்லாதீர்கள், சொன்னால் நீங்கள் எதிர்பார்ப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 'எங்க தண்ணி பிடிக்கறீங்க, மழை வந்தா எங்க ஒதுங்கறீங்க, யாரப் பார்த்தா சந்தோஷம், எந்த இடம் பயம்' என்று கேட்டு அதை எடுத்து வரச் சொல்லுங்கள். வரும் படங்களில் பாதி விரல் மறைத்தோ ஆடியோ இருக்கும். மீதியில் நீங்கள் ஆண்டுக்கணக்கில் கடந்து போயும் பார்க்காத ஊர் இருக்கும். போன் திரும்பி வராமலும் போகலாம். போனால் போகட்டும், பழைய போன்தானே. விற்றுச் சோறு தின்றிருந்தால் அதுவும் அவருக்கு உதவிதான்.

எழுதுவதும் மாட்டுவதும்

படத்துக்குக் கீழே எழுதும் வரியில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். 'வறுமையின் கோரப்பிடியில்', 'விதியின் விளையாட்டு' போன்ற வரிகள் படத்தில் இருப்பவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பெயர் போட அவர் சம்மதித்தால் பெயர். இல்லையென்றால் அவர் விரும்பும் வேறு பெயர். பிறகு தொழில். ஷாப்பில் டிரம் ஓட்டினாரா, ஷேவிங் மெஷினில் நின்றாரா, பீடி சுற்றினாரா, சூளையில் கல் அறுத்தாரா. இந்த ஊரில் தொழிலைச் சொன்னால் போதும், பார்க்கிறவர் 'அட, எங்க அப்பாவும் டிரம்லதான் இருந்தார்' என்பார். வீடு எப்போது, எதனால் போனது என்று அவரே சொன்ன சொற்களில் ஒரு வரி. அதைப் படித்துக் காட்டி அவர் சரி என்ற பிறகே எழுதுங்கள். குடும்பத்தாரைக் குறை சொல்லும் வரிகளை, அவரே சொல்லியிருந்தாலும், போடாதீர்கள். கோபத்தில் சொன்னதை எழுதிச் சுவரில் மாட்டினால், நாளை மகன் வந்து கூட்டிப்போக நினைத்தாலும் அந்த வரி குறுக்கே நிற்கும்.

படுக்கும் இடம் தெரியும்படி எழுதக் கூடாது, முக்கியமாகப் பெண்களுக்கு. போனின் கேமரா அமைப்பில் இடக்குறிப்பு வசதியை நிறுத்தி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறைகிறதென்று டாக்குமென்ட்டாக அனுப்புகிறோம் அல்லவா, அப்போது எடுத்த இடத்தின் குறிப்பும் சேர்ந்தே போகும்.

கண்காட்சிக்கு மண்டபம் பிடிக்க அலைய வேண்டாம். மண்டபத்துக்கு ஏற்கனவே மனம் இளகியவர்கள்தான் வருவார்கள். கூட்ரோட்டு டீக்கடைச் சுவர், சலூன், ரேஷன் கடை வரிசை நிற்கும் இடம், கம்பெனி அனுமதி தந்தால் ஷூ கம்பெனி கேன்டீன் ஆகியவைதான் இடம். சாயங்காலம் கம்பெனி வேன்கள் பெண்களை இறக்கிவிடும் நேரத்துக்குக் கயிறு கட்டி கிளிப் போட்டு மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் முதல் பிரிண்ட் படத்தில் இருப்பவர் கைக்குப் போயிருக்க வேண்டும். மழையில் நனையாமல் லேமினேட் செய்து கொடுங்கள், அவருக்குப் பீரோ கிடையாது. அவரையே கண்காட்சிக்கு அழைத்து, விருப்பமிருந்தால் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசச் சொல்லுங்கள். ஊரார் அவரிடம் நேராகக் கேள்வி கேட்கத் தொடங்கினால் உங்கள் வேலை முடிந்தது, ஓரமாக நகர்ந்துகொள்ளுங்கள்.

பார்த்தவர்கள் மனம் நெகிழ்ந்து 'என்ன செய்யலாம்?' என்று கேட்பார்கள். பதில் தயாராக இல்லாவிட்டால் அந்த நெகிழ்ச்சி பத்து ரூபாயாகக் கரைந்துவிடும். நகர்ப்புறங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது. ஆம்பூர், வேலூர் போன்ற நகரங்களின் நிர்வாகத்திடம் அதைக் கேட்கலாம். மாதனூர் கிராமப்புறம் என்பதால் இங்கே வழி வேறு: பட்டா, தொகுப்பு வீடு, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு நமக்கு ஆட்சியர் அலுவலகம் திருப்பத்தூரில் இருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவோடு, குடிசையின் நிலையைக் காட்டும் தேதியிட்ட படத்தை இணையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கூரை, தரை, சுற்றுப்புறம், மழைத் தண்ணீர் நிற்கும் அளவு தெரிந்தால் போதும். கண்காட்சியில் கைதட்டல் வாங்கிய படத்தைவிட, மனுவில் நான்காவது பக்கமாகப் போகும் இந்தப் படம் சில சமயம் அதிகம் சாதிக்கும்.

கிளம்புவதற்கு முன் போனில் நான்கு எண்களைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு குழந்தையைக் கண்டால் 1098. முதியவர்களுக்கு 14567. ஆபத்திலுள்ள பெண்ணுக்கு 181. உடம்புக்கு முடியாதவருக்கு 108. இந்த எண்களில் ஒன்றைக் கூப்பிட வேண்டிய நிலையில் ஒருவர் உங்கள் எதிரே இருந்தால் அன்று படம் எடுக்காதீர்கள், கூப்பிட்டுவிட்டு ஆள் வரும்வரை கூட இருங்கள்.